நாற்பத்து மூன்று நீங்கலாக

மார்ச் 3

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் போனைப் பாதியில் வைத்தது தவறுதான். ஆனால் "கையெழுத்துப் போடறியா இல்லையா, ஒரே வார்த்தை" என்று நீ மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை. இனி இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம், எழுதுவோம். எழுதும்போது நாம் இருவரும் கொஞ்சம் நல்லவர்களாக இருக்கிறோம்.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பானால் திருத்து. அங்கே விமான நிலையம் வரப்போகிறது. அப்பா நம் இருவர் பேருக்கும் எழுதிவைத்த 41-ஆம் எண் நிலத்தை, முன்னால் உள்ள உன் மோட்டார் பட்டறை, பின்னால் நீங்கள் குடியிருக்கும் வீடு எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு தரகர் கேட்கிறார். போன வருஷ விலையைப் போல மூன்று மடங்கு தருவாராம். அதுவும் இந்த மாதக் கடைசி வரைக்கும்தானாம். என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது.

என் கேள்வி ஒன்றுதான். ஓடுபாதை எங்கே வருகிறது? அது தெரியாமல் மூன்று மடங்கு அதிகமா குறைவா என்று என்னால் சொல்ல முடியாது. உன்னாலும் முடியாது. கேட்கிறவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அது எனக்குப் பிடிக்கவில்லை.

வரைபடத்தின் நகல் ஒன்று அனுப்பு.

அக்கா

மார்ச் 10

அக்கா,

வரைபடம் கேட்டாய். எது வேண்டும்? மூன்று இருக்கிறது.

தரகனுக்கு இங்கே 'குழாய்' என்று பேர். படத்தைச் சுருட்டி ஒன்றரை இஞ்ச் பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி மாட்டி, தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவான். அவன் படத்தில் ஓடுபாதை நமக்கு வடக்கே எங்கோ தள்ளிப் போகிறது, நம் வாசலில் அறுபதடி ரோடு வருகிறது. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் இறங்கும் வழிக்கு நேர் கீழே நாம். மாடி கட்டக்கூடாது, உயரமான மரம்கூட வைக்கக்கூடாதாம். மூன்றாவது படம் அளவெடுக்க வந்தவர்கள் கையில் இருந்தது. பம்பைச் சரிபார்க்க என் பட்டறைக்கு வந்த இடத்தில் ஜீப்பின் மேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் எட்டிப் பார்த்தேன். அதில் ஓடுபாதை என் லேத் மெஷின் மேலேயே ஓடுகிறது.

முதல் படம் நிஜமென்றால் நாம் பணக்காரர்கள். இரண்டாவது நிஜமென்றால் செவிடர்கள். மூன்றாவது நிஜமென்றால் நாம் இங்கே இல்லவே இல்லை, அரசாங்கம் பழைய விலையைக் கொடுத்துவிட்டு எழுந்து போகச் சொல்லும். யாருக்கும் எதுவும் தெரியாத இந்த நேரத்தில்தான் விற்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகு நம்மைத் தேடி எவன் வருவான்?

"அண்ணியை நேர்ல வந்து பார்க்கச் சொல்லுங்க, காகிதத்துல என்ன தெரியும்?" என்கிறாள் இவள். அப்பா காரியத்துக்கு வந்து போனவள் நீ. ஆறு வருஷம் ஆகிறது.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நேரில் வந்தால் மட்டும் ஓடுபாதை தெரிந்துவிடுமா? இங்கே மேசை தெரியாமல் விடைத்தாள் கட்டுகள் கிடக்கின்றன.

நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன். வேறு இடங்களில் விமான நிலையம் வந்தபோது நிலத்துக்கு என்ன ஆனது என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்ததும் விலை ஏறுகிறது. வேலை இழுத்தடித்தால் இறங்குகிறது. திறந்த பிறகு பெரிய ரோட்டை ஒட்டியது ஏறுகிறது, விமானம் தாழப் பறக்கும் இடத்தில் இருப்பது இறங்குகிறது. ஒரே தெருவில் இரண்டும் நடந்திருக்கிறது. மொத்தத்தில் சராசரியாக ஏற்றம்தான் என்று கட்டுரையை நிம்மதியாக முடித்துவிடுகிறார்கள். இருபத்து மூன்று வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே விமான நிலையத் திட்ட அலுவலகத்துக்கு நானே எழுதிக் கேட்டிருக்கிறேன். எப்படி எழுதினேன் என்பது இப்போது முக்கியமில்லை. நம் பேச்சு அதில் வராதபடி பார்த்துக்கொண்டேன். பதில் வரும்வரை பொறு.

அக்கா

ஏப்ரல் 7

அக்கா,

பதில் வந்ததா? இங்கே போன வாரம் சிவப்புப் பெயின்ட் அடித்த கற்களை நட்டார்கள். இந்த வாரம் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கின குழியை மூடவில்லை. அதில் கால் மடங்கி இவள் இரண்டு நாள் நொண்டினாள். குழாய் மாதக் கடைசியை அடுத்த மாதக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறான்.

42-இல் இருக்கும் டெய்லரம்மாவை உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜுக்குப் போட்டுப் போன உடுப்பெல்லாம் அவர் தைத்தது. இப்போது ஊசியில் நூல் கோக்க இவளைக் கூப்பிடுகிறார், கண் அவ்வளவு மங்கிவிட்டது. மகள் குடியிருக்கும் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் ஒரு அறையும் சமையலறையும் விலைக்கு வருகிறதாம். நிலத்தை விற்றால் அதை வாங்கிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய்விடுவார். குழாய்க்குச் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் அவனுக்கு 41-உம் 42-உம் சேர்ந்தாற்போல வேண்டுமாம். நீ போடாததால் அவரும் நிற்கிறார்.

என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. "உங்க அக்கா படிச்சவங்க, யோசிச்சுதான் செய்வாங்க" என்று மட்டும் சொன்னார். நீ வேண்டுமானால் ஒரு நாள் வந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசி.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

அலுவலகத்திலிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் ஒருவர் என்னை இன்னொருவரிடம் மாற்றிவிட்டார், அந்த இன்னொருவர் சாப்பிடப் போயிருந்தார்.

என் சந்தேகத்துக்காக டெய்லரம்மா காத்திருப்பது நியாயமாகப் படவில்லை. விற்க உனக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில் கையெழுத்திட்டு, எங்கள் துறை எழுத்தரைச் சாட்சி போடவைத்து, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சரியான முடிவு என்று நம்பி இதைச் செய்யவில்லை. முடிவுக்கு வேண்டிய எதுவும் என் கைக்கு வரப்போவதில்லை என்று தெரிந்துபோனதால் செய்கிறேன். இப்படி ஒரு விடையை மாணவர் எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 28

அக்கா,

தாள் வந்து சேர்ந்தது. ஆனால் இப்போது விற்கக் கூடாது. சிரிக்காதே.

பல்கலைக்கழகம் வருகிறது. எது என்று தெரியவில்லை, பெரிய இடம். விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி என்கிறார்கள், இல்லை மாணவர் விடுதி என்கிறார்கள். சத்தமில்லாமல் நிலம் பார்க்கிறார்கள். திட்ட அலுவலகத்துக்கு எழுதி ஐந்து எண்களைப் பற்றி மட்டும் விசாரித்திருக்கிறார்கள். அதில் ஒன்று நம்முடையது, ஒன்று டெய்லரம்மாவுடையது. திங்கட்கிழமை குழாய் மூச்சிரைக்க வந்து நாலரை மடங்கு என்றான். அவன் வந்த வேகத்திலேயே விஷயம் நிஜம் என்று புரிந்துகொண்டேன். புதன்கிழமை ஆறு மடங்கு.

உன் தாள் வந்ததுமே டெய்லரம்மா மூன்று மடங்குக்குக் கையெழுத்துப் போடக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். நான்தான் வழியில் மறித்தேன். "அவசரப்படாதீங்கம்மா, படிச்சவங்க வராங்க, ஏமாத்த மாட்டாங்க" என்று சொல்லித் திருப்பி அழைத்துவந்தேன். இப்போது குழாய் ஆறு என்கிறான், நாங்கள் எட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

நீ சொன்னதுதான் சரி, பொறுத்திருக்க வேண்டும். என்ன, விற்க வேண்டிய நேரத்தில் பொறுத்தாய், பொறுக்க வேண்டிய நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

தம்பி

மே 4

தம்பிக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, கதை வேண்டாம். எந்த ஐந்து எண்கள்? அந்தக் கடிதத்தைப் பார்த்தது யார்? அதில் என்ன தேதி? நீ விற்காதே, வாங்காதே, யாருக்கும் யோசனை சொல்லாதே.

அக்கா

மே 10

அக்கா,

உத்தரவு. எண்கள்: 40, 41, 42, 44, 45. பார்த்தது அலுவலகத்தில் கோப்பு எடுத்துவைக்கிறவர். அவர் குழாயின் மச்சான். தேதி மார்ச் நடுவில். கெட்டியான தாள், மேலே ஏதோ பல்கலைக்கழக முத்திரை, 'ஆய்வு நோக்கில்' என்று எழுதியிருந்ததாம். கீழே பெண் கையெழுத்து. துணைவேந்தரே ஒரு பெண்தான் என்று சொல்கிறார்கள்.

இங்கே இப்போது எல்லோருடைய பேச்சும் 43-ஐப் பற்றித்தான். நடுவில் இருக்கிற அதை மட்டும் ஏன் விட்டார்கள்? அடியில் பாறை என்கிறான் ஒருவன். வழக்கு இருக்கிறது என்கிறான் இன்னொருவன். 43-காரர் நிலத்தைக் கேட்க ஆளில்லை. மனுஷன் நேற்றுப் பட்டறைக்கு வந்து, "எங்க நிலத்துல என்னப்பா குறை?" என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் விளங்கவில்லை. நீதான் கணக்குத் தெரிந்தவளாயிற்றே, உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

தம்பி

மே 17

தம்பிக்கு,

இதை நீ தனியாக இருக்கும்போது படி.

துணைவேந்தர் இல்லை, நான். கெட்டியான தாள் எங்கள் துறையின் தாள். வேறு தாள் கைவசம் இல்லாததால் எடுத்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அது உண்மையில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு நிலம் இருக்கிறது, என்ன விலை போகும் என்று என் பேரில் கேட்கக் கூசியது. விலை ஏறியதும் விசாரிக்கக் கிளம்புகிறவர்களைப் பற்றி நான் எத்தனை தடவை கிண்டலாகப் பேசியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் 'ஆய்வு நோக்கில்' என்று எழுதினேன். 41 மட்டும் கேட்டால் யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பக்கத்து எண்களையும் சேர்த்தேன். மறைப்பதற்காகச் சேர்த்த நான்கும்தான் இவ்வளவுக்கும் காரணம்.

43-இல் பாறையும் இல்லை, வழக்கும் இல்லை. எனக்குப் பதினான்கு வயதில் அந்த வீட்டு நாய் என் கணுக்காலைக் கடித்தது. எண்களை வரிசையாக எழுதிக்கொண்டே போனபோது அதை எழுதக் கை போகவில்லை. அதை விட்டிருக்கிறேன் என்பதே உன் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லோரிடமும் உண்மையைச் சொல். முதலில் டெய்லரம்மாவிடம். அவரை மறித்தது நீ, மறிக்க வைத்தது நான்.

அக்கா

மே 27

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை நாய் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். மூன்றாவது தடவை இரண்டும் வரவில்லை, என்ன வந்தது என்று தெரியவில்லை.

சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. குழாய் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். "அக்காவே அந்தப் பல்கலைக்கழகத்துல இருக்காங்களா? சொல்லவே இல்லையே. இப்ப விலையை இறக்கி எல்லாத்தையும் நீங்களே மடக்கப் போறீங்க, அப்படித்தானே?" என்றான். உன் கடிதத்தையே 43-காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அந்த நாய் செத்து முப்பது வருஷமாச்சேப்பா, அதுக்கு இப்பவா?" என்றார். அவர் ஒருவர்தான் நம்பினார். அவருக்கு அதில் லாபமில்லை, அதனால் நம்பினார் போல.

டெய்லரம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்ப நான் அன்னிக்கே போயிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளே குழாயிடம் போய், அந்தப் பழைய மூன்று மடங்குக்கே அவர் நிலத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது முடியாதாம். அலுவலகப் படத்தில் நம் எண்களுக்கு ஏதோ நிறம் மாற்றியிருக்கிறார்களாம், அது தெளிகிறவரை தொட மாட்டானாம். என்ன நிறம் என்று கேட்டேன், அவனுக்கே தெரியவில்லை.

தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

நிறம் ஊதா.

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது, ஐந்து எண்களுக்கும் ஊதா பூசிய ஒரு துண்டுப் படத்தோடு. அப்படியே எழுதுகிறேன்: "தங்கள் கடிதத்தின் பேரில், எண்கள் 40 முதல் 45 வரை, 43 நீங்கலாக, உத்தேச உயர்கல்வி நிறுவனப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளன. அறுபது நாட்களுக்குள் நிறுவனத்தின் விருப்பம் தெரிவிக்கப்படின் ஒதுக்கீடு நிலைநிறுத்தப்படும். மேற்படி எண்களில் இதர விற்பனையோ கட்டுமானமோ அனுமதிக்கப்பட மாட்டாது. ஓடுபாதையின் திசை பரிசீலனையில் உள்ளது."

நான் கேட்டது கடைசி வரியை மட்டும்தான்.

நகல் எங்கள் துறைத்தலைவருக்குப் போயிருக்கிறது. கண்டிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். எழுந்து நின்று கை கொடுத்தார். புதிய வளாகத்துக்கான முயற்சியை இவ்வளவு அடக்கமாகச் செய்திருக்கிறேனாம். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அவர், "இருந்தாலும் யோசிக்கலாமே" என்றார்.

யார் எதை எதற்காகச் செய்கிறார்கள் என்று எனக்கு இப்போது புரியவில்லை. என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

அக்கா

ஜூன் 16

அக்கா,

நீ என்னைக் கேட்டிருக்கிறாய். இது நடந்த தேதியை எழுதிவைத்திருக்கிறேன்.

மனதில் இருப்பதைச் சொல்கிறேன். ஊதாவை அப்படியே இருக்க விடு. உத்தேசம், பரிசீலனை என்று நாலு வருஷம் ஓட்டலாம். அதுவரை ஓடுபாதைக்காரனும் தொட மாட்டான், குழாயும் தொட மாட்டான். மண் வேலைக்கு வந்த காண்டிராக்டர்களின் பம்பெல்லாம் இப்போது என் பட்டறைக்குத்தான் வருகிறது. இரண்டு ஆள் வைத்தும் எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டி முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இங்கிருந்து கிளம்பத் துடித்தவன் நான்தான். இப்போது போக மனமில்லை.

ஆனால் இதை எழுதும்போதே டெய்லரம்மாவின் மெஷின் சத்தம் கேட்கிறது. ஓட்டி, நிறுத்தி, பிரித்து, மறுபடி ஓட்டுகிறார். அந்தக் கீழ்த்தள அறையை ஜூலை கடைசி வரைக்கும்தான் அவருக்காக வைத்திருப்பார்களாம். அவரிடம் ஊதாவைப் பற்றிச் சொன்னேன். "அது அழியுமா?" என்று கேட்டார். சாயத்தைக் கேட்கிறது போல.

எனக்குத் தெரியவில்லை அக்கா.

தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

இத்துடன் இன்னொரு கடிதம் இருக்கிறது, உறை ஒட்டவில்லை. திட்ட அலுவலகத்துக்கு. கோடு போட்ட சாதாரணத் தாளில், என் பேரில், 41-ஆம் எண் நிலத்தின் பாதிக்குச் சொந்தக்காரி என்று சொல்லி எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகம் எதுவும் வரவில்லை, முன்பு எழுதியது என் சொந்தக் காரியத்துக்காக, ஐந்து எண்களையும் விடுவிக்க வேண்டும் என்று மூன்றே வாக்கியம். எழுத அரை மணி நேரம் ஆனது. துறைத்தலைவரிடம் காட்டினேன், அவர் இனிமேல் எழுந்து நிற்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தபாலில் போடாமல் உனக்கு அனுப்புகிறேன். இதைக் கொடுத்தால் உன் பட்டறைக்கு மேல் இருக்கும் ஊதாக் கூரை போய்விடும். மூன்று படங்களில் எது வேண்டுமானாலும் அதன்பின் நிஜமாகலாம். கொடுக்காவிட்டால் எனக்குத் தெரியவராது, நானும் கேட்க மாட்டேன். நீ கொடுப்பாய் என்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.

விடைத்தாள்கள் முடிந்துவிட்டன. ஜூலை பதினொன்று, சனிக்கிழமை, காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். நேரில் பார்த்தால் எதுவும் தெரியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இருந்தாலும் வருகிறேன். 43-காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். டெய்லரம்மாவிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா

ஜூலை 4

அக்கா,

உறையை நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஓரமெல்லாம் கிரீஸ் ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் டெய்லரம்மாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அவர் வராவிட்டால் வாசல்வரை போய்த் திரும்பியிருப்பேன், அதனால்தான் கூட்டிப்போனேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

குழாயின் மச்சான்தான் வாங்கினார். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். முத்திரை குத்திவிட்டுக் கேட்டார், "அப்ப பல்கலைக்கழகம் வரலையா?"

"வரலை."

"அப்ப யாருதான் வராங்க?"

"எங்க அக்கா வராங்க" என்றேன். அதுதானே உண்மை.

அன்று சாயங்காலமே குழாய் பட்டறை வாசலில் நிற்கிறான். "உங்க அக்கா எந்தக் கம்பெனி?" என்று கேட்டான். கணக்கு வாத்தியாரம்மா என்றேன். தலையை ஆட்டி, "புரியுது, புரியுது" என்றான். என்ன புரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் டெய்லரம்மாவிடம் போய், 41 இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 42-ஐ மட்டும் பழைய மூன்று மடங்குக்கு எடுத்துக்கொள்கிறேன், நிறம் அழிந்ததும் பதிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டான். உனக்கு முன்னால் முந்திக்கொள்கிறானாம். டெய்லரம்மாவின் பக்கத்திலேயே நின்று அவனிடம் மறுபடியும் உண்மையைச் சொன்னேன். இந்தத் தடவை நான் ஒன்றும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. அவன்தான் கேட்கவில்லை. "நீ பேசாம இரு, இந்தத் தடவையாவது" என்று டெய்லரம்மா என்னைச் சொன்னார். எத்தனையோ நாளுக்குப் பிறகு திட்டு வாங்கினேன், சுகமாக இருந்தது.

ஊதா இன்னும் போகவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் போகும் என்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன நிறமோ. நான்காவதாக ஒரு படம் வந்திருக்கிறதாம், அதில் ஓடுபாதை குறுக்காக இருக்கிறதாம். நீ கையெழுத்துப் போட்ட தாள் இரும்பு அலமாரியில் அப்படியே இருக்கிறது. நீ வந்தபிறகு எடுத்து வைத்துக்கொண்டு பேசலாம். சண்டை போடுவதானாலும் எதிரெதிரே உட்கார்ந்து போடலாம். மாடி அறையில் இவள் உனக்குப் படுக்கை போட்டுவிட்டாள்.

ஒரு விஷயம். மண் லாரி போவதற்காக ரோட்டைத் திருப்பிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தைத் தினம் ஒரு இடத்துக்கு மாற்றுகிறார்கள். சனிக்கிழமை எங்கே இருக்கும் என்று டிரைவருக்கே தெரியாது. யாரிடமும் வழி கேட்காதே, ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். எங்கே இறக்கிவிடுகிறார்களோ அங்கேயே நில். நான் தேடிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

தம்பி